படித்துக் காட்டாத பக்கம்

நான் நடந்துகொண்டே பேசினால் தவறாக எடுத்துக்கொள்ளாதீர்கள், அம்மா. டாக்டர் நடக்கச் சொல்லியிருக்கிறார்; அவர் சொல்லாவிட்டாலும் என்னால் ஓரிடத்தில் உட்கார முடியாது. நீங்கள் அந்த நாற்காலியில் உட்காருங்கள். ஆடும், ஆனால் விழாது. வாசலில் நின்றபடியே கேட்டீர்கள்: நாட்டைப் பற்றி நோட்டு நோட்டாக எழுதிய மனிதர் பெற்ற மகளைப் பற்றி ஒரு வரிகூட எழுதவில்லையே, ஏன் என்று. சொல்கிறேன்.

உங்கள் அப்பாவை நாடுகடத்திக் கப்பலில் கொண்டுவந்து தீவில் இறக்கியபோது நான் அங்கிருந்த கைதி முகாமில் மொழிபெயர்ப்பாளன். துண்டுப் பிரசுரம் அச்சடித்தார் என்பது வழக்கு. அச்சுக் கோக்கிறவர் என்பதால் விரல் நுனியெல்லாம் மை ஏறியிருந்தது. கைதிகள் நாட்குறிப்பு எழுதலாம் என்று முகாமை நடத்திய துரை அனுமதித்திருந்தார். நல்ல மனசெல்லாம் இல்லை. ஒருவன் மனதில் என்ன ஓடுகிறது என்று தெரிந்துகொள்ள அதைவிட மலிவான வழி கிடையாது. சனிக்கிழமைதோறும் நோட்டுகள் அலுவலகத்துக்கு வரும். துரைக்கு நம் மொழி தெரியாது. நான் படித்து அவர் மொழியில் சொல்வேன். அவர் நகம் வெட்டிக்கொண்டே கேட்பார். இது கைதிகளுக்கும் தெரியும்.

மற்றவர்கள் நோட்டெல்லாம் வயிற்றுவலி, மூட்டைப்பூச்சி, சாப்பாட்டில் கல். உங்கள் அப்பா எழுதியது வேறு ரகம். சும்மா சொல்லக் கூடாது, படித்தால் உடம்பு சிலிர்க்கும். எனக்கு அங்கே யாரும் இல்லை. கைதிகளுக்கு நான் துரையின் நாய். துரைக்கு நான் கைதிகளில் ஒருவன், சட்டை மட்டும் வெளுப்பு. வெள்ளிக்கிழமை வந்தால் எனக்கு இருப்புக்கொள்ளாது, சாப்பாடு இறங்காது. அந்த எழுத்துக்கு உலகத்தில் நான் ஒருவன்தான் வாசகன்.

மழைக்காலத்துக்கு முன் ஒரு கப்பல் வரும். மனம் மாறியவர்களை அதில் ஊருக்கு அனுப்புவார்கள். அந்த முறை துரை கேட்டார்: "அந்த அச்சுக்காரன் எப்படி இருக்கான்? ஆறிட்டானா, இன்னும் கொதிக்கிறானா? சனிக்கிழமை நீ படிக்கிறதை வச்சுத்தான் முடிவு பண்ணப் போறேன்."

அந்த வாரம் உங்கள் அப்பாவே நோட்டை என் கையில் கொடுத்தார். "அண்ணே, இந்த வாரம் எழுதின பக்கத்தை மட்டும் ஒரு வரி விடாம படிச்சுக் காட்டிடுங்க. உங்களைத்தான் மலை மாதிரி நம்பியிருக்கேன்."

அதற்கு முன் அவர் என்னை அண்ணே என்று கூப்பிட்டதில்லை. எனக்கு நெஞ்சு நிறைந்துவிட்டது. அறைக்குப் போய் அந்தப் பக்கத்தைப் படித்தேன்.

இருங்கள், ஜன்னல் அடித்துக்கொள்கிறது, சாத்திவிட்டு வருகிறேன்.

அந்தப் பக்கம் எனக்கு இன்னும் மனப்பாடம். 'ஐயா, இனி எந்த இயக்கத்திலும் இருக்கமாட்டேன். எங்கே கையெழுத்துப் போடச் சொன்னாலும் போடுகிறேன். நான் இங்கே வந்தபிறகு எனக்கு மகள் பிறந்திருக்கிறாள். இப்போது பல் முளைத்திருக்கும். அவளைத் தூக்க வேண்டும் ஐயா. தூக்கினால் என்னைக் கண்டு அழுவாள், பரவாயில்லை, அழட்டும்.' கீழே வரைக்கும் இதே கெஞ்சல்தான். அவர் நடையே இல்லை. ஏதோ குமாஸ்தா எழுதிக்கொடுத்த மனு மாதிரி இருந்தது. எனக்கு ஆத்திரமாக வந்தது. நம்பி ஏமாந்தவன் போல அறைக்குள் நடந்துகொண்டே இருந்தேன்.

சனிக்கிழமை துரை நகவெட்டியை எடுத்தார். நான் நோட்டைப் பின்னுக்குப் புரட்டி, கோடையில் அவர் எழுதி, அப்போது நான் துரைக்குச் சொல்லாமல் தாண்டிவிட்ட பக்கத்தைப் படித்தேன். 'இந்தத் தீவில் என்னைப் புதைத்தாலும், புதைத்த இடத்தில் உங்களை நிம்மதியாக நிற்க விடமாட்டேன்' என்று வருமே, இன்று பள்ளிப் பிள்ளைகள்கூட ஒப்பிக்கிறார்களே, அதுதான். ஒரு சொல்லையும் நான் கூட்டவில்லை, குறைக்கவில்லை. அத்தனையும் அவர் எழுதியது. துரை நகம் வெட்டுவதை நிறுத்திவிட்டுக் கேட்டார். அவ்வளவு நன்றாக நான் அதற்கு முன்னும் மொழிபெயர்த்ததில்லை, பின்னும் இல்லை.

உங்கள் அப்பாவைச் சுண்ணாம்புச் சூளைக்கு மாற்றினார்கள்.

"படிச்சுக் காட்டினீங்களாண்ணே?" என்று கேட்டார்.

"ஒரு வரி விடலை" என்றேன்.

அவர் நம்பினார். துணிகளை மூட்டை கட்டி வைத்திருந்தார். கப்பலின் சங்கு கேட்டதும் மூட்டையைத் தூக்கிக்கொண்டு கம்பிவேலிக்கும் கொட்டகைக்குமாக நடந்தார். கப்பல் போன பிறகும் கொஞ்ச நேரம் நடந்தார். அந்த நோட்டுகள் அச்சாகி வந்த புத்தகத்தில், அதற்குப்பின் எழுதியவைதான் உச்சம் என்று எல்லாரும் சொல்கிறார்கள். நானும் அதைத்தான் சொல்வேன். மழை விடுவதற்குள் சுண்ணாம்புத் தூசி நெஞ்சில் கட்டி இறந்துபோனார். அவரைக் கொன்றது நான்தான் என்று நீங்கள் சொன்னால் மறுக்கமாட்டேன். அதைச் சொல்லத்தான் உங்களை உள்ளே கூப்பிட்டேன்.

நோட்டை ஊருக்கு அனுப்பும்முன் அந்தப் பக்கத்தைக் கிழித்து அடுப்பில் போட்டேன். பெரிய எழுத்தாளர், அவர் பெயர் கெடக் கூடாதே என்றுதான்.

அழாதீர்கள், அம்மா. அந்தப் பக்கத்தில் ஒரு நல்ல வாக்கியம்கூட இல்லை.