முடுக்கின நட்டு

– கேட்டுக்கு அந்தப் பக்கமே நில்லு, ஞானதாஸு. உள்ள கால் வெக்காதேன்னு சொன்னது எனக்கு இன்னும் ஞாபகம் இருக்கு.

– எனக்கும் கீதுங்க ஐயா. அதான் வெளியவே நிக்கிறேன். காருக்குப் பக்கத்துல யாரோ குந்திகினு, அடியில கைய வுட்டுகினு கீறாங்களேன்னு பாத்தேன். பாத்தா ஐயாவே.

– பின்ன யார் பண்ணுவா? டிரைவரா வெச்சிகினு இருக்கேன்? ஆயில் மாத்துறேன்.

– எஞ்சினை ஒரு பத்து நிமிசம் ஓட்டி வுட்டீங்களா ஐயா? சூடு ஏறினாத்தான் ஆயில் எளகி எறங்கும்.

– ஓட்டினேன், ஓட்டினேன். ஏரிக்கரை வரைக்கும் போயிட்டு வந்தேன். நீ வந்த விசயத்தைச் சொல்லு.

– அதே விசயந்தாங்க. லெட்டரு.

– முடியாதுன்னு போன மாசமே சோறாக்குற சிட்டம்மா கிட்ட சொல்லி அனுப்பிச்சேனே.

– சொல்லிச்சிங்க. ஆனா நாளைக்கிக் காலைல செங்கல்பட்டு அரிசி மில்லுல லாரிக்கு ஆள் எடுக்குறாங்க. ‘உத்தரமேரூர் சடையப்பன் வூட்டுல ஒம்போது வருசம் கார் ஓட்டினேன்ற. அவுரு கையால ரெண்டு வரி எழுதி வாங்கிக்கினு வா, இல்லாங்காட்டி வேற ஆளு போட்டுக்குறோம்’னு சொல்ட்டாங்க. எங்க போனாலும் இதே கேள்விதாங்க. இதுவும் போச்சின்னா நான் ஸ்டேரிங்கை மறந்துட வேண்டியதுதான்.

– இன்னான்னு எழுதணும்? ‘ஞானதாஸு நல்ல டிரைவரு. ஆயில் நட்டை முடுக்காம வுட்டான். என் பொண்டாட்டி உசுரு மாகறல் ரோட்டுல போச்சு’ன்னு எழுதித் தரட்டா?

– ஆண்டாளம்மா போனது எனக்கும் துக்கந்தாங்க ஐயா. ஆனா நட்டை நான் முடுக்கினேன். கர்த்தர் சாட்சியா முடுக்கினேன்.

– கர்த்தர் வந்து காருக்கு அடியில பூந்து பாத்தாரா? கதை வுடாத. மொத நாள் சாயங்காலம் ஆயில் மாத்தினவன் நீ. மறுநாள் காலைல அவளுக்கு வயித்து வலி, துடிக்கிறா. காஞ்சிபுரம் ஆஸ்பத்திரிக்குத் தூக்கிப் போட்டுகினு போறோம். மாகறல் தாண்டல, எஞ்சின் இறுகிப் போய் நின்னுடுச்சி. எறங்கிப் பாத்தா எஞ்சினுக்கு அடியில நட்டையே காணோம். ஆயில் மொத்தமும் ரோட்டுல. அது தானா கழண்டு வுழுந்துச்சா?

– எப்டி வுயுந்துதுன்னு எனக்கும் தெர்லீங்க. ரெண்டு வருசமா அதத்தான் ரோசனை பண்ணிக்கினு கீறேன். அன்னிக்கி மாட்டு வண்டி ஒண்ணு கெடைக்கிறதுக்குள்ள உச்சி வெயிலு ஆயிப்பூட்ச்சி. அம்மா என்னையே பாத்துகினு, ‘ஞானதாஸு, எப்ப கெளம்பும்’னு கேட்டுது. ‘இதோ ஆச்சிம்மா, இதோ ஆச்சிம்மா’ன்னேன். ஆவாதுன்னு எனக்குத் தெரியும். அந்தப் பொய்யி இன்னும் என் வாயிலயே கீதுங்க.

– போதும். அந்தப் பேச்சை எடுக்காத.

– செரிங்க.

– சனியன் புடிச்ச நட்டு. அசைய மாட்டேங்குது.

– ஏகாம்பரத்தைக் கூப்டுக்கலாமே ஐயா. பஸ்ஸுக்கெல்லாம் அவன்தான் பாக்குறான். அஞ்சு நிமிசத்துல முடிச்சிடுவான்.

– என் வண்டியை இனிமே எவனும் தொட வேணாம். மெட்ராஸுக்கு அனுப்பி எஞ்சினை சரி பண்ணிக் கொண்டாந்து ஆறு மாசம் ஆவுது. அன்னிலேர்ந்து நானே ஓட்டறேன், நானே கழுவறேன். இதையும் நானே பாத்துக்கறேன்.

– எங்க போறீங்க ஐயா அதுல?

– எங்கியும் இல்ல. தெனம் மாகறல் வரைக்கும் போறேன். அன்னிக்கி வண்டி நின்ன புளிய மரத்தாண்ட நிறுத்திட்டுக் கொஞ்ச நேரம் குந்தறேன். திரும்பி வரேன். வூட்டுல இருந்து இன்னா பண்ணச் சொல்ற? சிட்டம்மா காலைல சோறு ஆக்கி வெச்சிட்டுப் போயிடறா. ரெண்டு வேளையும் அதே சோறு. எதிர்ல எவன்னா குந்தி ‘கொழம்பு கரிக்குது’ன்னு சொன்னாக்கூடத் தேவலாம்போல இருக்கு. இந்த வாரத்துல நான் இவ்ளோ பேசுனது உங்கிட்டதான். அதுவும் திட்டறதுக்கு.

– திட்டுங்க ஐயா. என்னை அப்டிக்கூட யாரும் பேசறதில்ல. ஏரியில மண்ணு வெட்டப் போனா என்னோட ஜோடி சேர ஆளு வர மாட்டேங்குது. கோயில்ல எம்பக்கத்துல குந்த மாட்டேங்கறாங்க. அவ்ளோ ஏன், என் பொண்டாட்டி அம்முலுவே ஒரு நா கேட்டுது, ‘நெசமா முடுக்கினியா’ன்னு.

– நீ இன்னா சொன்ன?

– முடுக்கினேன்னு சொன்னேன்.

– நம்பலியா அவ?

– நம்புறேன்னுதான் சொல்லிச்சி. ஆனா கேட்டுதே ஐயா. அத இன்னா பண்றது. அதுலேர்ந்து வூட்லயும் பேச்சு கொறைஞ்சி பூட்ச்சி. சோத்தைப் போட்டுட்டு அது ஒரு பக்கம், நான் ஒரு பக்கம்.

– தோ பாரு, ஞானதாஸு. எனக்கும் வயசு ஆவுது. இந்தப் பகையைத் தூக்கிகினு எத்தினி நாள் திரியறது? ஒரே ஒரு வார்த்தை சொல்லு. ‘முடுக்க மறந்துட்டேன்’னு. மனுசன் மறக்கறதுதான். நீ சொன்னா எனக்கு மனசு ஆறிடும். இப்பவே லெட்டர் எழுதித் தரேன்.

– ஐயா…

– இரு. லெட்டரே வேணாம். செங்கல்பட்டுக்கு எதுக்குப் போற? இங்கியே வந்துடு. இந்த ஆஸ்டினை வாங்கின நாளா நீ ஓட்டின வண்டிதானே இது. கேட்டைத் தெறந்துகினு வா. அந்த வார்த்தையைச் சொல்லிட்டு வா.

– வரணும்னு ஆசையாத்தான் கீதுங்க. இந்தக் கேட்டாண்ட வந்து நின்ன ஒடனே கை தானா சாவியத் தேடுது. ஆனா வார்த்தை வரல. மொதல்ல நட்டை வெரலால சுத்தி ஏத்தினேன். அப்பால ஸ்பேனர் போட்டு இறுக்கினேன். துணியால தொடைச்சிட்டு, கசிவு கீதான்னு வெரல் வெச்சிப் பாத்தேன். வெரல்ல ஒண்ணுமில்ல. இத்த மறந்துட்டேன்னு சொன்னா எனக்கு வண்டி கெடைக்கும் ஐயா, ஓட்டறதுக்குக் கை வராது.

– திமிரு.

– திமிரு இல்லீங்க.

– வேற இன்னா? இந்த ஊர்ல நான் எவனையும் நம்பினது கெடையாது, தெரியும் இல்ல? அதனாலதான் நாலு காணி நெலம் நாப்பது காணி ஆச்சு. எவன் மடை அடைச்சாலும் அதுமேல நானும் ஒரு மம்முட்டி மண்ணு போட்டாத்தான் எனக்கு நிம்மதி. எவன் மாடு கட்டினாலும் முடிச்சை நானும் ஒரு இழுப்பு இழுப்பேன். எவன் வேலை செஞ்சாலும் கடைசியில என் கை பட்டாகணும். உன்னை நம்பினேன், கெட்டேன்.

– மெதுவா வலிங்க ஐயா. ஸ்பேனர் வழுக்கிச்சின்னா கையக் கிழிச்சிடும். நட்டை எந்தப் பக்கம் திருப்புறீங்க?

– அவுக்கற பக்கந்தான். எடப்பக்கம்.

– எடப்பக்கம்னா, மேலேர்ந்து பாத்தாப்புல எடப்பக்கமா, அடியில மல்லாந்து பாத்தாப்புல எடப்பக்கமா?

– ரெண்டும் ஒண்ணுதானே.

– இல்லீங்க. நட்டோட தலை தரையப் பாத்துகினு கீது. நீங்க பக்கத்துல குந்திகினு, பாக்காம, கைய மட்டும் உள்ள வுட்டுத் திருப்புறீங்க. அப்டிப் பண்ணா பக்கம் மாறிப்பூடும். அவுக்குறோம்னு நெனைச்சிகினு இன்னும் இறுக்கிக்கினு கீறீங்க. அதான் அசையல.

– கதை வுடாத.

– நெசந்தாங்க. கத்துக்குற புதுசுல எல்லாரும் பண்ற தப்புதான். நானும் பண்ணிக்கீறேன். கீய சாக்கைப் போட்டு மல்லாந்து படுங்க. நட்டோட மூஞ்சியப் பாத்துகினு எடப்பக்கம் திருப்புங்க. வரும்.

– அப்ப, இப்பிடி குந்திகினே ஒருத்தன் முடுக்கினா?

– முடுக்குறோம்னு நெனைச்சிகினு அவுத்துடுவான்.

– அவனுக்குத் தெரியாதா?

– தெர்ஞ்சவன் கைக்குத் தெரியும் ஐயா. முடுக்குறப்போ மொதல்ல லேசா போவும், போவப் போவக் கெட்டி ஆவும். அவுக்குறப்போ அப்டியே தலைகீயி. மொதல்ல கெட்டியா நிக்கும், அப்பால லேசாப் பூடும். தெரியாதவன் லேசா சுத்துதேன்னு சந்தோசமா எழுந்து வந்துடுவான். இன்னா ஐயா, பூந்துட்டீங்களா?

– ம்.

– ஆயில் புடிக்கிற சட்டிய நேரா இழுத்து வெச்சிக்குங்க. இப்ப திருப்புங்க. ஒரே வலி.

– …வந்துடுச்சி.

– பாத்தீங்களா? கைய எடுத்துடுங்க, ஆயில் சூடா வரும். முழுசும் எறங்கட்டும், அவசரப்படாதீங்க. நட்டைத் தொடைச்சித் தனியா வெச்சிடுங்க. வெளிய வாங்க ஐயா. முட்டி புடிச்சிக்கப் போவுது. ஐயா? ஏன் அப்டியே படுத்துகினு கீறீங்க? மூஞ்சில தெளிச்சிட்ச்சா? ஐயா, நான் உள்ள வரட்டா?

– வா, ஞானதாஸு.

– அந்த வார்த்தைய நான் இன்னும் சொல்லலியே ஐயா.

– நீ சொல்ல வேணாம். அன்னிக்கி சாயங்காலம் நீ ஆயில் மாத்தி முடிச்சதும், ரேடியேட்டருக்குத் தண்ணி மொண்டாரச் சொல்லி உன்னைக் கெணத்துக்கு அனுப்பிட்டு, நான் இதே மாதிரி பக்கத்துல குந்திகினு கைய வுட்டு அந்த நட்டை முடுக்கினேன். மொதல்ல கெட்டியா இருந்துச்சி. அப்புறம் ரெண்டு சுத்து, லேசா சுத்துச்சி.