அக்காவுக்கு ஒரு வாய் தண்ணீர்

தக்காளி சாஸ் புட்டியைச் சும்மா கவிழ்த்தால் ஒரு சொட்டு வராது. உலுக்கினால் சட்டை முழுக்க வரும். அது ஏன் என்று ஆராயத்தான் எனக்குச் சம்பளம். நீங்கள் சிரிக்கலாம் ஐயா, என் அக்காவும் சிரிப்பாள். இப்போது என்னை 'டேய்' என்று கூப்பிட இந்த உலகத்தில் ஆளில்லை.

என்னை வளர்த்துப் படிக்க வைத்தவள் அவள். பக்கவாதம் வந்தபின் அவளால் சரியாக விழுங்க முடியவில்லை. வெறும் தண்ணீர் கொடுத்தால் நுரையீரலுக்குள் போய்விடும் என்றார் டாக்டர். பொடி கலந்து கெட்டியாக்கிய தண்ணீரைத்தான் கரண்டியில் ஊட்டுவேன்.

"டேய் தம்பி, இது தண்ணியா, போஸ்டர் ஒட்டுற பசையா? ஒரு வாய் நல்ல தண்ணி குடுடா."

கேட்கும்போதெல்லாம் நெஞ்சு வெந்துபோகும். மெதுவாக அசைத்தால் இளகி, அழுத்தினால் இறுகுகிற திரவங்கள் உண்டு. அவளுக்காகவே அப்படி ஒன்றை லேபில் செய்தேன். நாக்கில் தண்ணீராக ஓடும். தொண்டை இறுக்கியதும் கெட்டியாகும். சோதனை மெஷினில் அது சொன்னபடி கேட்டது. சந்தோஷத்தில் எனக்குத் தலைகால் புரியவில்லை.

லேபில் கூட வேலை செய்யும் பெண்ணுக்கு நாங்கள் வைத்த பெயர் 'சந்தேகம்'. அவள் அதில் எச்சிலைக் கலந்து பார்த்தாள்.

"சார், எச்சில் பட்டா நீத்துப்போகுது. தொண்டைக்குப் போறப்ப வெறும் தண்ணிதான். யாருக்கும் குடுத்துடாதீங்க."

பெயருக்கேற்ற பேச்சு என்று கிண்டல் செய்தேன். அவள் போனபின் நானும் செய்து பார்த்தேன். அவள் சொன்னது சரிதான்.

ஞாயிற்றுக்கிழமை காலையில் அதை டம்ளரில் ஊற்றி அக்காவிடம் கொண்டுபோனேன். எச்சில் வேலை செய்வதற்குள் விழுங்கிவிடுவாள் என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். கேட்டாள், கொடுத்தேன்; இதில் என்ன தப்பு, நீங்களே சொல்லுங்கள். முதல் வாய் இறங்கியது. "தண்ணிடா" என்றாள். அவள் முகம் மலர்ந்ததைப் பார்த்து எனக்கு அழுகை வந்துவிட்டது.

பிறகு இருமினாள். உடனே முன்பக்கம் சாய்த்துப் பிடித்து ஆம்புலன்ஸைக் கூப்பிட்டிருக்க வேண்டும். நான் அவள் தொண்டையையே பார்த்துக்கொண்டிருந்தேன். ஒரே ஒரு சோதனையை வைத்து எதையும் முடிவு செய்யக் கூடாது என்பது எங்கள் தொழிலில் பால பாடம்.

"போதும்டா" என்று டம்ளரைத் தள்ளினாள்.

முதல் வாய் அவள் கேட்டது ஐயா. இரண்டாவது, அவள் தாடையைப் பிடித்து நான் ஊற்றியது.