வாசலில் நின்று வாய் பார்த்த அன்னம்மாள் அம்மையாருக்கு

பால்பல்லின் காவலே! பச்சிளம் ஈறுகளின் பரிவே! கலவை என்னும் ஊரில் பிறந்து ஆம்பூருக்கென்றே உழைத்த அன்பே! எங்கள் மூத்த தாதியாரே! தாய் சேய் நல விடுதியின் பணியாளர்களாகிய நாங்கள், இன்று ஓய்வு பெற்றுச் செல்லும் தங்கள் முன் கைகூப்பி நின்று இம்மடலை வாசித்து அளிக்கிறோம்.

அம்மையீர்!

முதலில் வேறொரு மடல் எழுதியிருந்தோம். அதில் அடைமொழிகள் அதிகம். தங்களைக் கடலுக்கும் மலைக்கும் ஒப்பிட்டிருந்தோம். தாங்கள் அதைப் பொறுமையாகப் படித்துவிட்டு, "நல்லாத்தான் எழுதியிருக்கீங்க. சம்பத்து பேரு எங்க?" என்று கேட்டீர்கள். விழா நாளில் அது வேண்டாமே என்றோம். "அவன் பேரு இல்லாத மடல கண்ணாடி போட்டு எந்தச் செவுத்துல மாட்டுவேன்?" என்றீர்கள். ஆகவே அதைக் கிழித்துவிட்டு இதை எழுதினோம். இதில் உள்ளவற்றுள் பெரும்பகுதியைச் சொன்னவர் சம்பத்தின் தாய் தேவகி. அவரும் இன்று இங்கே அமர்ந்திருக்கிறார்.

தேவகி தோல் பதனிடும் ஷாப்பில் ஆவாரம்பட்டை இடிப்பவர். கணவர் வேலாயுதம் அங்கேயே சுண்ணாம்புக் குழியில் இறங்குபவர். ஷாப்பை ஒட்டிய தொழிலாளர் குடியிருப்பு வரிசையான லைனில் வீடு. அந்த லைனில் பிறந்தவர்களுக்கு நாற்றம் என்று ஒன்று தனியாகத் தெரியாது. மீன் தண்ணீரை மறந்திருப்பதுபோல அவர்கள் அதை மறந்திருப்பார்கள். தங்களுக்கு அப்படி இல்லை. இவ்வூருக்கு வந்த புதிதில் தாங்கள் சேலைத் தலைப்பால் மூக்கை மூடிக்கொண்டுதான் லைனுக்குள் நடப்பீர்களாம். பெண்கள் சிரித்திருக்கிறார்கள்.

ஆனால் அந்த மூக்குதான் அங்கே பல குழந்தைகளைக் காத்தது. மணல்வாரி அம்மை கண்ட குழந்தை இளைத்துப்போகும். வாயில் வலுவிராது. கடைவாய் ஈற்றில் சிறு புண் தோன்றும். கவனிக்காவிட்டால் ஈறு அழுகும், பல் ஆடும், கன்னமே கறுத்து ஓட்டையாகும். பிறகு பிழைப்பது அரிது. அதன் முதல் அடையாளம் வாய் நாற்றம். மற்ற ஊர்த் தாய் அதை முதல் நாளே உணர்ந்துவிடுவாள். தோல் ஷாப்பு லைன் தாயால் முடியாது.

அம்மை கண்ட வீட்டு வாசல் நிலையில் வேப்பிலை செருகியிருக்கும். குழந்தைக்குத் தலைக்கு மூன்றாம் தண்ணீர் ஊற்றும்வரை வெளியார் உள்ளே வரக்கூடாது, குழந்தையைத் தொடக்கூடாது, மருந்தும் கூடாது. தாங்கள் அதை எதிர்த்து ஒருநாளும் வாதாடியதில்லை. வாசலுக்கு வெளியே குனிந்து நின்று, "எங்க, நர்சம்மா மேல ஊது பாக்கலாம்" என்பீர்கள். குழந்தை ஊதும். மூச்சு சரியில்லை என்றால், வேப்பிலை போட்ட வெந்நீரில் உப்புக் கரைத்து வாய் கழுவச் சொல்லிவிட்டுப் போவீர்கள். வேப்பிலைத் தண்ணீரை யார் மறுப்பார்கள்? அடுத்த லைன் சகீனா, "நர்சம்மா, அப்பிடியே எங்க வூட்டு பிரியாணியையும் மோந்து பாத்துட்டுப் போங்க, ஒரு ஆளு சாப்பாடு மிச்சம்" என்று கேலி செய்வாராம். அவர் மகள் இன்று இரண்டு கன்னமும் குழிய நம் முன்னே சிரித்துக்கொண்டிருப்பது அந்த மோப்பத்தால்தான்.

ஆண்டுகள் போயின. ஒருநாள் தாங்கள் எங்களிடம், "முன்னெல்லாம் ரயில்ல தூங்கினு வந்தாலும் மூக்கே எழுப்பிவிடும், ஆம்பூர் வந்துடுச்சின்னு. இப்ப ஸ்டேஷன் பேரப் படிச்சித்தான் எறங்குறேன்" என்றீர்கள். நாங்கள் சிரித்தோம். அதன் பொருளை நம்மில் ஒருவரும் யோசிக்கவில்லை.

சென்ற ஆண்டு மாசியில் தேவகியின் மகன் சம்பத்துக்கு அம்மை கண்டது. மூன்று வயது. தாங்கள் வாசலில் நின்றீர்கள். அவன் ஊதினான். "ஒண்ணும் இல்ல தேவகி, வாய்ச்சூடுதான்" என்றீர்கள். அவன் கஞ்சி குடிக்க மறுத்தான், எச்சில் வடித்தான். தேவகி அவனை மடியிலேயே வைத்திருந்தார். வாய்ச்சூடுதானே என்று மனத்தைத் தேற்றிக்கொண்டார்.

ஆலங்காயத்திலிருந்து தேவகியின் அக்கா சாவித்திரி வந்தார். காட்டோரத்து ஊரிலிருந்து வந்தவர், வாசலிலேயே நின்றுவிட்டார்.

"இன்னாடி இது, புள்ள வாயி இப்பிடி நாறுது?"

"எங்க நாறுது? அது ஷாப்பு நாத்தம்க்கா."

"ஷாப்பு நாத்தம் எனக்குத் தெரியாதா? இது வேறடி. புள்ளகிட்டேர்ந்து வருது."

தேவகி மகனின் முகத்தோடு முகம் வைத்து மூச்சை இழுத்துப் பார்த்தார். ஒன்றும் தெரியவில்லை. திரும்பத் திரும்ப இழுத்துப் பார்த்தார். மகனுடைய மூச்சு தனக்கு மட்டும் தெரியவில்லையே என்ற அந்த நிமிடத்தைத்தான், எல்லாவற்றையும்விட, தன்னால் மறக்க முடியவில்லை என்று எங்களிடம் சொன்னார். மறுநாள் கன்னத்தில் வெளியிலிருந்தே கறுப்புத் தெரிந்தது. வேலூர் கொண்டுபோனோம். காலம் கடந்திருந்தது.

சம்பத்தை அடக்கம் செய்து வந்த அன்று தாங்கள் தேவகியின் வீட்டுக்குப் போனீர்கள். லைன் முழுவதும் அங்கே இருந்தது. "ஆத்தா எடுத்துக்கினா, யாரு இன்னா பண்றது" என்று எல்லாரும் சொல்லிக்கொண்டிருந்தார்கள். தாங்களும் அதையே சொல்லிவிட்டு வந்திருக்கலாம். அத்தனை பேர் நடுவில் தாங்கள், "ஆத்தா எடுக்கல தேவகி. என் மூக்கு செத்துப்போச்சு. எனக்கே தெரியாம இருந்திருக்கு. தெரியாமலே ஒண்ணும் இல்லன்னு சொல்லிட்டேன்" என்றீர்கள். தேவகி அழுகையை நிறுத்தி, "எழுந்து போங்க" என்றார். தாங்கள் எழுந்து வந்தீர்கள்.

அதன்பின் தாங்கள் மோப்பத்தை நம்பவில்லை. சிறு கைவிளக்கும் கரண்டியும் எடுத்துக்கொண்டு போனீர்கள். கரண்டிக் காம்பால் கன்னத்தை விலக்கி வெளிச்சத்தில் ஈற்றைப் பார்க்க வேண்டும் என்றால் குழந்தையைத் தொட வேண்டும். அம்மை வீட்டுத் தாய்மார் சம்மதிக்கவில்லை. பல வாசல்களில் அணைக்காத விளக்கோடு திரும்பி வந்தீர்கள்.

இவ்வாண்டு தையில் தேவகியின் ஒன்றரை வயது மகள் பூங்காவனத்துக்கு அம்மை கண்டது. தாங்கள் அந்த வாசலுக்குப் போகத் தயங்கித் தெருமுனையில் நின்றதைத் தேவகியே பார்த்திருக்கிறார். அவர், வாசல் நிலையில் செருகியிருந்த வேப்பிலைக் கொத்தை உருவிக் கையில் எடுத்துக்கொண்டு, "உள்ள வாங்க" என்று கூப்பிட்டார்.

வேலாயுதம் பதறினார். "இன்னாடி பண்றே? ஆத்தா கீற வீடு. வெளியாளு கால் வைக்கக் கூடாது."

"போன தபா ஆத்தாவுக்குப் பயந்து வாசல்லயே நிக்கவெச்சேன். புள்ள போயிட்டான். இந்த தபா அவ கோச்சிக்கினாலும் பரவால்ல."

"வேணாம் தேவகி," என்றீர்கள் தாங்கள். "நான் வந்து, நாளைக்கு ஏதாவது ஒண்ணு ஆச்சின்னா..."

"மோந்து பாக்காதீங்க. கண்ணால பாருங்க."

தாங்கள் உள்ளே போனீர்கள். தேவகி விளக்கைப் பிடித்தார். வேலாயுதம்தான் குழந்தையின் தலையை அசையாமல் பிடித்தாராம். கீழ்க் கடைவாய் ஈற்றில் அரிசி முனை அளவு சாம்பல் நிறப் புண் இருந்தது. அன்றிலிருந்து புண் ஆறும்வரை தாங்கள் அந்த வீட்டை விட்டு நகரவில்லை. விரலில் துணி சுற்றி வெதுவெதுப்பான உப்புத் தண்ணீரால் துடைத்தீர்கள். பர்மாங்கனேட் மருந்தை இளஞ்சிவப்பாகக் கரைத்துக் கழுவினீர்கள். பாலும் சாத்துக்குடிச் சாறும் சொட்டுச் சொட்டாகப் புகட்டினீர்கள். ஒரு பல் போயிற்று. குழந்தை பிழைத்தாள். அந்த நாட்கள் முழுவதும் தேவகி தங்களோடு ஒரு வார்த்தையும் பேசவில்லை. வேளைக்குச் சோறு மட்டும் போட்டார்.

அதன் பிறகு லைனில் பல வீடுகள் உள்ளே வாருங்கள் என்று விளக்குக்கு இடம் கொடுத்தன. ஆனால் தாங்கள் ஓய்வு கேட்டு விண்ணப்பம் கொடுத்துவிட்டீர்கள். இன்னும் சில ஆண்டுகள் இருக்கின்றனவே என்று டாக்டர் கேட்டதற்கு, "கண்ணு போறதுக்கு முன்ன போயிடறேன். அது போறதும் எனக்குத் தெரியாம இருந்துட்டா?" என்றீர்கள்.

இம்மடலில் தன் பெயரால் என்ன எழுதலாம் என்று தேவகியைக் கேட்டோம். அவர் சொன்னதைச் சொன்னபடியே எழுதுகிறோம்.

"மன்னிச்சிட்டேன்னு எழுதிடாதீங்க. எனக்கு இன்னும் மனசு வர்ல. ஆனா அந்தம்மா நெனச்சிருந்தா ஆத்தா மேல பழியப் போட்டுட்டுப் போயிருக்கலாம். நானும் நம்பியிருப்பேன். நம்பி, இந்தப் பொண்ணையும் வாசப்படிக்கு உள்ளயே வெச்சிருப்பேன். இவளும் போயிருப்பா. அத எழுதுங்க."

எழுதிவிட்டோம், அம்மையீர். இதைவிடப் பெரிய பாராட்டு எங்களுக்கு எழுதத் தெரியவில்லை.

தங்களை மன்னிக்கும்படி எவரையும் கேட்க எங்களுக்கு உரிமையில்லை. தாங்கள் உடல் நலத்தோடு நெடுங்காலம் இருக்க வேண்டும், மனம் ஆறி உறங்க வேண்டும் என்று இறைவனை வேண்ட உரிமையுண்டு. அதை நாள்தோறும் செய்வோம். சம்பத்தின் பெயர் உள்ள இம்மடலைத் தங்கள் வீட்டுச் சுவர் ஏற்றுக்கொள்ளட்டும்.

இங்ஙனம்,
தங்களைப் பிரிய மனமின்றி வழியனுப்பும்
தாய் சேய் நல விடுதிப் பணியாளர்கள்
ஆம்பூர், பங்குனி 1936