கோல்ட் காட்டுக்குக் கிடைத்த சீற்

விமானக் கம்பனி அனுப்புகிற விதிப் புத்தகத்தை யாரும் கடைசிப் பக்கம் வரை வாசிப்பதில்லை. நான் வாசிப்பேன். ஒஸ்லோவில் எங்கள் ஆட்கள் ரிக்கற் போடுவதென்றால், ரொம்சோஸில் இருக்கிற எனக்குத்தான் முதலில் ரெலிபோன் எடுப்பார்கள். எனக்கும் அது பிடித்திருந்தது.

அடிக்கடி பறக்கிறவர்களுக்கு விமானக் கம்பனி கொடுக்கிற அட்டைதான் கோல்ட் காட். என்னுடையது நான் பறந்து சேர்த்ததல்ல. தங்கையின் கலியாணத்துக்குப் போனபோது சூட்கேஸ்களைத் தொலைத்துவிட்டார்கள். கூறைச்சேலையும் அதோடு போயிற்று. விடாமல் கடிதம் எழுதினேன். மன்னிப்புக் கேட்டு, ஒரு வருடத்துக்கு அந்தக் காட்டை இலவசமாகத் தந்தார்கள். விமான நிலையத்தில் நாலு வருடம் நான் நிலம் துடைத்த, காட்காரர் மட்டும் இருக்கிற அதே லவுஞ்சுக்குள் கோட் போட்டுக்கொண்டு போய் இருந்தேன். வாசலில் நின்ற பெண் பெயர் சொல்லி வரவேற்றாள். சின்னப் புத்திதான், சொல்ல வெட்கமாக இருக்கிறது. ஆனாலும் அந்தச் சுகத்தை விட மனம் வரவில்லை.

விதி இதுதான். 2004 டிசம்பர் முப்பத்தொன்றுக்குள் குறித்த அளவு மைல் பறந்தால் காட் நிலைக்கும். அதற்கு மேல் பறந்த மைல்கள் அழியாமல் அடுத்த வருடத்துக்குப் போகும்; அதில் இலவச ரிக்கற்றும் எடுக்கலாம். எனக்கு ஒரு கொழும்புப் பயணம் குறைந்தது. மாதம் முழுக்கத் தேடினேன். நத்தார், புதுவருட நெரிசலில் ஒரு சீற்றும் கிடைக்கவில்லை.

இருபத்தாறாம் திகதி கடல் வந்தது. மேல்மாடி யோசேப்பின் மனைவி அருள்ராணி நத்தாருக்கு முல்லைத்தீவில் தாய்வீட்டுக்குப் போயிருந்தாள். செவ்வாய்க்கிழமை காலைதான் தகவல் வந்தது. உயிரோடு இருக்கிறாள், வன்னியில் ஆஸ்பத்திரியில் கிடக்கிறாள், மூச்செடுக்கக் கஷ்டப்படுகிறாள், புருசனைக் கேட்கிறாள். யோசேப்பு வெறுங்காலோடு படியிறங்கி என் வீட்டுக்கு வந்தார்.

“சின்னராசா அண்ணை, எப்பிடியாவது ஒரு சீற் எடுத்துத் தாங்கோ. அவள் கண் மூடமுன்னம் நான் போய்ச் சேந்திடோணும்.”

கோல்ட் காட்காரருக்கென்று தனி இலக்கம் இருந்தது. அவரைக் குசினியில் இருத்தித் தேத்தண்ணி கொடுத்துவிட்டு, அறைக்குள் போய் அந்த இலக்கத்துக்கு ரெலிபோன் எடுத்தேன். அன்று பின்னேரம் லண்டன் வழியாக ஒரேயொரு சீற் இப்போதுதான் விடுபட்டது என்றாள் அங்கே இருந்த பெண். யாருடைய பெயரில் போடுவது என்று கேட்டாள். யார் பெயரிலும் போடலாம். அந்த விதியும் எனக்குத் தெரியும்.

என் பெயரைச் சொன்னேன்.

வெளியே வந்து, வெள்ளிக்கிழமை வரை ஒன்றும் இல்லை என்றேன். யோசேப்பு சந்தேகப்படவில்லை. வெள்ளிக்கிழமைக்கு அவருக்கு நானே ரிக்கற் போட்டுக் கொடுத்தேன். அதில் நான் குறை வைக்கவில்லை.

விமானம் முழுக்க அழுகைதான். பக்கத்துச் சீற்றில் இருந்த ஒரு அம்மா, உங்களுக்கு ஆர் போனது தம்பி என்று கேட்டார். தெரிந்த ஆட்கள் என்றேன். கொழும்புக்கென்று போய் இறங்கிய கட்டுநாயக்காவில் எனக்குப் பார்க்க ஒருவரும் இல்லை. விமான நிலையத்துக்குள்ளேயே ஐந்து மணித்தியாலம் இருந்து, ஒரு தேயிலைப் பெட்டி வாங்கிக்கொண்டு திரும்பினேன்.

அருள்ராணி வெள்ளிக்கிழமை காலை போய்விட்டாள். யோசேப்பு போய்ச் சேர்ந்தபோது அடக்கம் முடிந்து இரண்டு நாள். அந்தச் சீற்றில் அவர் போயிருந்தால் வியாழக்கிழமையே அவள் பக்கத்தில் இருந்திருப்பார். அவளைக் கொன்றது கடல்தான், நானல்ல. ஆனால் அவள் வாசலைப் பார்த்துக்கொண்டு கிடந்த அந்த ஒரு நாளை நான்தான் எடுத்தேன்.

காட் நிலைத்தது. மிஞ்சிய மைல்கள் அடுத்த வருடத்துக்குப் போயின. அருள்ராணியின் முதலாம் ஆண்டுப் பூசைக்கு யோசேப்பு ஊருக்குப் போக வேண்டுமென்றபோது, அந்த மைல்களில் அவருக்கு ரிக்கற் எடுத்துக் கொடுத்தேன். பாவம் கொஞ்சம் கழியும் என்று நினைத்தேன்.

அவர் என் இரண்டு கையையும் பிடித்துக்கொண்டு அழுதார்.

“அண்டைக்கும் நீங்கள்தான் சீற் எடுத்துத் தந்தனீங்கள். இண்டைக்கும் நீங்கள்தான். உங்களை நான் மறக்கமாட்டன் அண்ணை.”

உண்மையைச் சொல்லத்தான் வாயைத் திறந்தேன்.

“ஆளுக்காள் செய்யிற உதவிதானே, யோசேப்பு” என்றேன்.