செத்ததற்கு வரும் செக்

"பெட்டை செத்ததுக்கு இன்னும் காசு வருது அக்கா."

லண்டனில் வெம்பிளிக்குப் போகும் ஜூபிலி லைன் ரயிலில், எனக்கு எதிரே இருந்த இரண்டு பெண்களில் இளையவர் இப்படிச் சொன்னார். மூத்தவரின் மகன் டொரொன்டோவில் இருக்கும் ஒரு பெண்ணை விரும்புகிறான்; அவள்தான் அந்தப் 'பெட்டை'. அவள் சினிமாவிலும் டிவியிலும் நடிக்கிறவள். சம்மதம் சொல்வதா என்று தாய் இன்னும் முடிவு செய்யவில்லை. அடுத்த ஸ்டேஷன் வருவதற்குள் இவ்வளவும் எனக்குத் தெரிந்துவிட்டது.

"செத்ததுக்கோ?"

"ஒரு ஆஸ்பத்திரி நாடகத்திலை நோயாளியா வந்து செத்தவள். அதைத் திருப்பித் திருப்பிப் போடேக்கை எல்லாம் செக் வரும்."

"வேறை ஒண்டிலையும் நடிக்கேல்லையோ?"

"பொலிஸ்காரியா நடிச்சவள். அந்த நாடகம் இடையிலை நிண்டு போச்சு. செத்ததுதான் நல்லா ஓடுது."

"மாசச் சம்பளம் இல்லையோ?"

"படம் கிடைச்சால் சம்பளம். இல்லாட்டி ரெஸ்டோரன்டிலை ஷிப்ட்."

"அப்ப பெட்டைக்கு என்ன உத்தியோகம் எண்டு சனத்துக்குச் சொல்லுறது?"

"நடிகை எண்டு சொல்லுங்கோ."

"எதிலை நடிச்சவள் எண்டு கேப்பினம். ஆஸ்பத்திரியிலை செத்தவள் எண்டே சொல்லுறது?"

இளையவர் சிரித்தார். மூத்தவர் கேட்டார்:

"அந்த நாடகம் இஞ்சையும் போடுவினமோ?"

"வாற மாசம் தொடங்குதாம். நான் வீட்டை வாறன், சேர்ந்து பாப்பம்."

"நீ பார். என்னாலை ஏலாது."

"ஏன் அக்கா?"

"மருமகள் சாகிறதை எப்பிடியடி இருந்து பாக்கிறது?"