என் கணக்கில் கை வைத்தவள்

உங்கள் நாற்காலி நன்றாக இருக்கிறது, ஐயா. முதுகுக்கு இதமாக இருக்கிறது. எங்கள் ஆபீசில் வருகிறவர்களுக்கு மர ஸ்டூல்தான். நான்தான் வாங்கிப் போட்டேன். சொகுசாக உட்கார வைத்தால் எழுந்து போக மாட்டார்கள். கணக்கு ஆபீஸ் உட்கார்ந்து கதை பேசுகிற இடமில்லை.

கார் ஷோரூம் என்றால் கீழே பளபளவென்று நிற்கிற வண்டிகளைத்தான் எல்லோரும் பார்ப்பார்கள். மாடியில் ஒரு கண்ணாடி அறை இருப்பது பலர் கண்ணில் படாது. அதுதான் எங்கள் இடம். விற்பனைப் பையன்கள் வாயால் வண்டி விற்பார்கள். ஆனால் முழுப் பணமும் வந்துவிட்டது, இன்சூரன்ஸ் கட்டியாயிற்று என்று நான் பார்த்துக் கேட் பாஸில் கையெழுத்துப் போட்டால்தான் சக்கரம் வாசலைத் தாண்டும். முதலாளியின் மருமகனே வந்து நின்றாலும் அந்தச் சீட்டு இல்லாமல் வாட்ச்மேன் கதவைத் திறக்க மாட்டார்.

அந்தக் கண்ணாடி வழியாக எல்லோரையும் பார்த்துக்கொண்டிருப்பேன். யார் யாரோடு ஒதுங்கி நின்று பேசுகிறார்கள், நான் பார்ப்பது தெரிந்ததும் யார் நகர்ந்து போகிறார்கள் என்று. சந்தேகப்படுவது கெட்ட குணம் என்பார்கள். கணக்குப் பார்க்கிறவனுக்கு அதுதான் முதல் தகுதி.

அந்தப் பெண் எனக்கு உதவியாக வந்து சேர்ந்தாள். ஆபீசில் எல்லோரும் அவளை மின்னல் என்றுதான் கூப்பிடுவார்கள். வேலையில் அவ்வளவு வேகம். கணவன் இல்லை. பள்ளிக்கூடம் போகிற மகள் ஒருத்தி. கார் ஓட்டத் தெரியும், ஆனால் பஸ்ஸில்தான் வருவாள், குனிந்த தலை நிமிராமல் வேலை செய்வாள். நானும் ஆரம்பத்தில் சந்தோஷப்பட்டேன், பொய் சொல்லவில்லை. ஆனால் தலை நிமிராதவர்களிடம்தான் கவனமாக இருக்க வேண்டும்.

சின்னதாகத்தான் தொடங்கியது. ஒரு பல் டாக்டர் கட்டிய முன்பணம் ஒரு லாரிக்காரர் பெயரில் ஏறியிருந்தது. நான் அப்படி மாற்றி எழுதுகிற ஆள் இல்லை. மறுநாள் பார்த்தால் அது தானாகவே சரியாகியிருந்தது. அதற்குப் பிறகு கவனித்தேன். நான் சாப்பிடப் போகிற நேரம் பார்த்து என் கம்ப்யூட்டர் முன்னால் வந்து உட்காருகிறாள். நான் போட்டதையெல்லாம் மாற்றுகிறாள். நேராகவே கேட்டேன்.

"ஒண்ணுமில்ல சார், பேரு மாறிப் போயிருந்துச்சு. சரி பண்ணிட்டேன்."

"யாரு மாத்துனது?"

கொஞ்சம் தயங்கினாள். "நான்தான் சார். கவனிக்காம விட்டுட்டேன்."

பொய். சாதாரணமாகப் பொய் சொல்கிறவர்கள் பழியை அடுத்தவன் தலையில் போடுவார்கள். தன் தலையில் போட்டுக்கொள்கிறவள் அதைவிடப் பெரிதாக எதையோ மனதில் வைத்திருக்கிறாள். எலி சும்மா அம்மணமாக ஓடாது, ஐயா.

அடுத்தது ஒரு வெள்ளை வண்டி. பேங்க் கடன் வந்து சேரும் முன்பே டெலிவரி ஆகிவிட்டது. கேட் பாஸில் என் கையெழுத்து இருந்தது. என்னுடையது போலவே இருந்தது. அவ்வளவு அழகாகப் பழகியிருந்தாள். முதலாளி இருவரையும் கூப்பிட்டார். நான் வாயைத் திறப்பதற்குள் அவள் முந்திக்கொண்டாள்: "என் தப்புதான் சார். அவசரப்படுத்தி நான்தான் கையெழுத்து வாங்கினேன்." முதலாளி என்னையே பார்த்துக்கொண்டிருந்தார். திட்டவில்லை. என்னை மட்டும் போகச் சொன்னார். நான் போகவில்லை. கதவுக்கு வெளியே நின்றேன்.

"எங்க அப்பாவுக்கும் இப்படித்தான் சார் ஆரம்பிச்சுது. மொதல்ல பேரு, அப்புறம் வழி. அவர்கிட்ட பதமாத்தான் சொல்லணும்."

"நீ எத்தனை நாளைக்கும்மா தாங்குவ?"

"முடிஞ்ச வரைக்கும் பார்த்துக்கிறேன் சார். இந்த ஆபீஸ்தானே அவருக்கு எல்லாமே."

அவளுடைய அப்பா எதை ஆரம்பித்தார், யார் பெயரை மாற்றினார் என்று நான் விசாரிக்கவில்லை. பரம்பரைத் தொழில் என்பது மட்டும் புரிந்துவிட்டது.

இந்த வேலை என் வீடு வரைக்கும் வந்தது. என் மூக்குக்கண்ணாடி ஃப்ரிட்ஜுக்குள் இருக்கும். செருப்பு மாறிப் போயிருக்கும். ஒருநாள் மனைவி சமையலறையில் நின்று போனில் ரகசியமாகப் பேசிக்கொண்டிருந்தாள். "நீ பக்கத்துல இருக்கேங்கிற தைரியத்துலதாம்மா நான் அவரை அனுப்புறேன்." என்னைப் பார்த்ததும் போனை வைத்தாள். யார் என்றேன்.

"உங்க ஆபீஸ் பொண்ணுதாங்க. சாப்பிட்டீங்களான்னு கேட்டேன், வேற ஒண்ணுமில்ல."

ஒன்றுமில்லை. இருவரும் ஒரே வார்த்தையைச் சொன்னார்கள், கவனியுங்கள்.

பழைய வண்டியைக் கொடுத்துவிட்டுப் புதிது வாங்குகிறவர்கள் உண்டு. அந்தப் பழைய வண்டிகளின் சாவியெல்லாம் என் அலமாரியில்தான் இருக்கும். அப்படி ஒரு சாம்பல் நிற வண்டி வந்திருந்தது. பட்டறை மேஸ்திரி அதன் ஸ்டியரிங்கில் சிவப்பு அட்டை கட்டிவிட்டு, மாடியேறி வந்து என்னிடமும் சொன்னார்.

"சார், அது பக்கம் யாரையும் விடாதீங்க. பிரேக் ஆயில் ஒழுகுது. ரெண்டு மிதிக்குப் பிடிக்கும். அப்புறம் பெடல் பொதக்குனு உள்ள போயிடும்."

சரி என்றேன். அன்று நல்ல மழை. சாயங்காலம் ஆவதற்கு முன்பே மின்னல் என் மேசைக்கு வந்தாள். முகம் வெளுத்திருந்தது.

"சார், ஸ்கூல்லருந்து போன் பண்ணாங்க. பிள்ளைக்குக் காய்ச்சல் கொதிக்குதாம். ஒரு ஆட்டோ கூட வரமாட்டேங்குது. நான் கிளம்பட்டுமா?"

"மழையில எப்படிம்மா போவ?" என்றேன். கொஞ்சம் இருக்கச் சொன்னேன். கீழே போய் அட்டையை அவிழ்த்து என் பையில் வைத்துக்கொண்டேன். முடிச்சை இறுக்கமாகத்தான் போட்டிருந்தார் மேஸ்திரி, நல்ல வேலைக்காரர். மேலே வந்து கேட் பாஸ் எழுதிக் கையெழுத்துப் போட்டுச் சாவியோடு கொடுத்தேன். அவளுக்குக் கண் கலங்கிவிட்டது.

"இந்த உதவியை மறக்கவே மாட்டேன் சார்."

மறப்பதைப் பற்றி அவள் பேசியது எனக்குப் பிடிக்கவில்லை.

எங்கள் ஷோரூம் மேட்டில் இருக்கிறது. வாசலில் ஒரு மிதி, திருப்பத்தில் ஒரு மிதி. அதற்கடுத்தது இறக்கம், இறக்கம் முடிகிற இடத்தில் சிக்னல். பள்ளிக்கூடம் சிக்னலைத் தாண்டித்தான். பிள்ளையை ஏற்றுவதற்கு முன்பே காரியம் முடிந்துவிடும். நான் இரக்கமில்லாதவன் இல்லை, ஐயா. பிள்ளையை வெளியே நிறுத்தித்தான் கணக்குப் போட்டேன்.

பள்ளிக்கூடம் மேட்டிலேயே இருக்கிறதாம். இறக்கத்துக்கு முன்பே, அந்தத் திருப்பத்திலேயே. எனக்குத் தெரிந்து அது கீழேதான் இருந்தது. பின் சீட்டில் பிள்ளை படுத்திருந்ததாகச் சொன்னார்கள். இருவர் உடலையும் ஒரே வண்டியில்தான் கொண்டுவந்தார்கள்.

மேஸ்திரி மேல் வழக்குப் போட்டீர்கள், உங்களுக்குத்தான் தெரியுமே. முதலாளி அவரை வேலையை விட்டு நிறுத்தினார். அவர் மாடிக்கு வந்து என் மேசையைப் பிடித்துக்கொண்டு அழுதார். "நான் அட்டை கட்டினேன் சார். உங்ககிட்ட வந்து சொன்னேன்ல சார். ஒரு வார்த்தை சொல்லுங்க." எனக்கு ஞாபகம் இல்லையே என்றேன். அதை எல்லோரும் உடனே நம்பியதுதான் எனக்கு ஆச்சரியம். முதலாளி கூட என் தோளைத் தட்டிவிட்டு, "விடுங்க, உங்களைக் குத்தம் சொல்லி என்ன பண்றது" என்றார். மேஸ்திரிக்குச் சேர வேண்டியதை நான் கணக்குப் பார்த்துக் கொடுத்தேன். ஒரு காசு குறைக்கவில்லை.

அவள் போய்விட்டால் எல்லாம் நேராகிவிடும் என்று நினைத்தேன். ஆகவில்லை. அதற்குப் பிறகுதான் கணக்கு அதிகமாக உதைத்தது. ஒரே வண்டிக்கு இரண்டு பில், ஆளே இல்லாத பெயருக்கு ரசீது. முதலாளி என்னை வீட்டிலேயே இருந்து ஓய்வெடுக்கச் சொல்லிவிட்டார். அப்போதுதான் எனக்கு உறைத்தது, அவள் தனி ஆள் இல்லை. அவளுக்குத் துப்புக் கொடுத்த கை என் வீட்டிலேயே இருந்திருக்கிறது. அதனால்தான் மறைக்காமல் எல்லாவற்றையும் சொல்கிறேன். என் பங்கை நான் ஒப்புக்கொண்டால்தானே நீங்கள் மற்றவளைப் பிடிக்க முடியும்.

என்ன சொல்கிறீர்கள்?

"பெரியவரே, நேத்தும் வந்து இதையேதான் சொன்னீங்க. முந்தாநாளும் சொன்னீங்க. உங்க வீட்டம்மா எல்லாத்தையும் விவரமா சொல்லிட்டாங்க. அந்தப் பொண்ணு போனதுல உங்க மனசு பேதலிச்சுப் போச்சாம். கிளம்புங்க, டாக்டரைப் பாருங்க."

நேற்று வந்தது நான் இல்லை, ஐயா. என் பெயரைச் சொல்லிக்கொண்டு யாரோ வந்திருக்கிறார்கள். என்னைப் பற்றி எல்லாவற்றையும் விவரமாகச் சொல்லிவிட்டாளா? பார்த்தீர்களா, எவ்வளவு முன்யோசனை.

அதோ வருகிறாள். வெளியே பெஞ்சில்தான் உட்கார்ந்திருந்தாள், என்னைத் தனியாக எங்கேயும் விடுவதில்லை. "வாங்க, போகலாம். மாத்திரைக்கு நேரமாச்சு" என்கிறாள். கையைப் பிடிக்கிறாள். பிடி மென்மையாகத்தான் இருக்கிறது. மின்னலும் இப்படித்தான், மென்மையாகத்தான் பேசுவாள்.

சரி, நீங்கள் எழுதிக்கொள்ள வேண்டாம். உங்களுக்கும் எத்தனையோ வேலை. மீதிக் கணக்கை வீட்டில் வைத்து நானே முடித்துக்கொள்கிறேன்.