மாவெய்த் துறையில் நீர் இறங்கும் நேரம்

இப்போதெல்லாம் ஏழாம் மாதம், செத்தவர்கள் திரும்பி வருகிற மாதம் என்று ஒருத்தருக்கும் அடக்கம் கிடையாது. இன்று காலை ஓடத்தில் வந்தேன். ஒரு பயல் இரண்டு காலையும் ஆற்றில் தொங்கப்போட்டுக்கொண்டு பூசணி விதையைக் கொறித்துத் துப்பிக்கொண்டு வருகிறான். காலை உள்ளே எடுடா என்றேன். "ஏன் பெரியவரே, பேய் வந்து இழுக்குமா?" என்கிறான். கூட இருந்ததுகள் எல்லாம் சிரிக்கின்றன. இவர்களிடம் எதையும் சொல்லவும் முடியாது. சொன்னால், நீங்க பார்த்தீங்களா என்பார்கள். பார்த்தேன் என்றால், குடிச்சிருந்தீங்களா என்பார்கள்.

குடிக்கவில்லை. அதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன்.

மழை விடுகிற மாதிரி இல்லை. ஓடமும் இனி வராது. கிட்டே வந்து உட்காருங்கள். கதவைச் சாத்துங்கள்... அது போதும். எனக்குப் பேயில் நம்பிக்கை இல்லை. மனுஷர்கள் மேலும் இல்லை. நடந்ததைச் சொல்கிறேன். நம்புவதும் நம்பாததும் உங்கள் பாடு.

நான் இளவட்டமாக இருந்த காலம். ஏழாம் மாதம், மூன்றாம் நாள். இரவு பத்து மணி தாண்டியிருந்தது. மாவெய்க் கப்பல் பட்டறையிலிருந்து படகுத் துறைக்கு ஆற்றோரமாக ஒரு பாதை போகும். ஒரு பக்கம் ஆறு. மறுபக்கம் மலையடிவாரம். அந்த அடிவாரத்தில்தான் பிரெஞ்சுக்காரனோடு நடந்த போரில் செத்த மாலுமிகளைக் குவியல் குவியலாகப் புதைத்திருந்தார்கள். ஒரு விளக்கு கிடையாது. யாரோ செத்தவர்களுக்குக் காகிதக் காசு எரித்துப் படைத்துவிட்டுப் போயிருந்தார்கள்... சாம்பல் காலில் ஒட்டியது. நானும் பூசிங்கும் நடந்தோம். அவனும் நானும் பட்டறையில் ஒன்றாக ஆணி அடித்தவர்கள். கப்பலின் இரும்புத் தகட்டுக்கு அந்தப் பக்கம் அவன், இந்தப் பக்கம் நான்.

பூசிங்கின் தாய்மாமா பெயர் யுங். படகிலேயே பிறந்து, படகிலேயே பிள்ளை பெற்ற ஆள். அன்று ராத்திரி துணைக்கு இரண்டு ஆம்பளை வேண்டும் என்று அவர்தான் கூப்பிட்டிருந்தார்.

"எதுக்குடா துணை?" என்று கேட்டேன்.

"குவானைப் பிடிச்சுக்கணுமாம்."

குவான் அவர் பையன். ஒன்பது வயது. ஒன்பது வயதுப் பயலைப் பிடித்துக்கொள்ள இரண்டு கருமான்களா என்று நான் சிரித்தேன். பூசிங் சிரிக்கவில்லை.

படகுக்காரர்கள் சின்னப் பிள்ளைகளை இடுப்பில் கயிறு போட்டுக் கட்டி வைப்பார்கள். தவறி விழுந்தால் இழுத்துக்கொள்ளலாம். மூன்று, நான்கு வயதில் அவிழ்த்துவிடுவார்கள். குவானுக்கு மட்டும் இன்னும் அவிழ்க்கவில்லை. துறை முழுக்க அதுதான் சிரிப்பு. ஆனால் காரணம் இருந்தது. வருஷா வருஷம் இந்த ஒரு ராத்திரி, நடுச்சாமம் கழிந்து நீர் இறங்க ஆரம்பிக்கும்போது, பையன் தூக்கத்திலேயே எழுந்து தண்ணீரைப் பார்த்து நடப்பான். போன வருஷம் முடிச்சு தானாக அவிழ்ந்துவிட்டது. ஒரு கால் தண்ணீருக்குள் போனபிறகுதான் யுங் மாமா பிடித்தார்.

நாங்கள் போனபோது பையன் பாய்க்கூரைக்குக் கீழே தூங்கிக்கொண்டிருந்தான். யுங் மாமாவின் மனைவி லியென் மாமி எங்களைப் பார்த்ததும் ஆரம்பித்தாள்.

"வாங்கடா வாங்க. கன்னுக்குட்டியைக் காவல் காக்க ஆள் வந்தாச்சு. இந்த மனுஷன் எம் பிள்ளையை ஆம்பளையா வளர்க்க மாட்டார். நாளைக்கு இவனுக்குப் பொண்ணு பார்க்கப் போனா, கயித்தோடதான் கூட்டிட்டுப் போகணும்."

"கத்தாதே. பிள்ளை எந்திரிச்சுடுவான்" என்றார் யுங் மாமா.

"எந்திரிச்சா என்ன? எந்திரிச்சா நடக்கமாட்டானே. தூங்கினாத்தானே உங்களுக்குப் பயம்."

எங்களுக்குக் கஞ்சியும் உப்புமீனும் கொடுத்துவிட்டு அவள் போய்ப் பையன் பக்கத்தில் படுத்தாள். பூசிங் கயிற்றைக் கையில் இரண்டு சுற்றுச் சுற்றிக்கொண்டான். நான் தண்ணீர்ப் பக்கம் விளிம்பில் உட்கார்ந்தேன்.  யுங் மாமா தன் கையையே பார்த்துக்கொண்டிருந்தார்.

நடுச்சாமம் போயிற்று...

அதுவரை ஏறிக்கொண்டிருந்த நீர் நின்றது. படகுக்கு அடியில் சளக் சளக் என்று கேட்டுக்கொண்டே இருந்த சத்தம் அடங்கிவிட்டது. கொஞ்ச நேரம் ஒன்றுமே கேட்கவில்லை. பிறகு கயிறு முறுகியது. படகு மெல்லத் திரும்பியது. நீர் இறங்க ஆரம்பித்துவிட்டது.

பையன் எழுந்து நின்றான்.

கண் திறந்திருந்தது. எங்களைப் பார்க்கவில்லை. நடந்தான். பூசிங் கயிற்றை இழுத்துப் பிடித்தான். பயல் நிற்கவில்லை. பூசிங் உட்கார்ந்த வாக்கிலேயே பலகையில் தேய்ந்துகொண்டு வந்தான். நான் எழுந்து பையனை இடுப்போடு கட்டிப் பிடித்தேன். நாள் முழுக்க சம்மட்டி தூக்குகிற கை இது. அந்தப் பயல் என்னையும் சேர்த்து இழுத்துக்கொண்டு போனான்.

அப்போதுதான் கேட்டது. படகுக்கு வெளியே, தண்ணீர்ப் பக்கத்துப் பலகையில்... டக். டக். டக். டக். விரலால் தட்டுகிற மாதிரி. கூடவே ஒரு வாசனை. நனைந்த நிலக்கரி வாசனை. கப்பலில் வேலை செய்தவனுக்குத்தான் அது தெரியும். அந்தத் துறையில் நிலக்கரி ஏது?

பையன் வாயைத் திறந்தான். அவன் குரல்தான். ஆனால் பேச்சு அவனுடையது இல்லை.

"யுங் அண்ணே... நான்தான். கொஞ்சம் ஏத்திவிடுங்க."

யுங் மாமா பலகையில் தலையைக் கவிழ்த்துக்கொண்டு உட்கார்ந்துவிட்டார்.

மாமி எழுந்துவிட்டாள். "யாரு அது? யாரைச் சொல்றான்? யோவ், உன்னைத்தான் கேக்கறேன்."

அவர் சொன்னார். ஒன்பது வருஷம் வாயைத் திறக்காத மனுஷன், தலையைத் தூக்காமல் சொன்னார்.

பையன் பிறந்த வருஷம் பிரெஞ்சுக்காரன் கப்பலும் நம் கப்பலும் ஒரே ஆற்றில் நாற்பது நாள் பக்கத்தில் பக்கத்தில் நின்றன. நீ முதலில் சுடாதே என்று நம்மவர்களுக்கு மேலிடத்து உத்தரவு. யுங் மாமா நம் கப்பல்களுக்கு வாத்தும் கீரையும் கொண்டுபோய் விற்றுக்கொண்டிருந்தார். ஒரு கப்பலில் ஹெங் என்று ஒரு பையன், கொதிகலனுக்குக் கரி அள்ளிப் போடுகிறவன். சாங்லே என்கிற ஊருக்குப் பக்கத்துக்காரன். இருபது வயது இருக்கும். யுங் மாமா போனால் மேலே வந்து வாத்தைப் பிடித்துத் தூக்கிப் பார்த்து, "என்னண்ணே, இது உங்களைவிட மெலிஞ்சு கெடக்கு" என்பானாம். அண்ணி முழுகாமல் இருக்கிறாள் என்று தெரிந்ததும், "பையன் பொறந்தா சொல்லுங்க, முதல் சோறு நான் ஊட்டறேன்" என்றானாம்.

ஏழாம் மாதம் மூன்றாம் நாள் மத்தியானம் நீர் இறங்கியது. நங்கூரம் போட்ட கப்பல் நீரோடு திரும்பும். நம் கப்பல்கள் எல்லாம் ஆற்றின் மேல்பக்கம் பார்த்துத் திரும்பின. முதுகு கீழே நின்ற பிரெஞ்சுக்காரனுக்கு. நம் பெரிய பீரங்கிகள் எல்லாம் முன்பக்கம். அவன் காத்திருந்ததே அதற்குத்தான். நங்கூரச் சங்கிலியை வெட்டக்கூட நம்மவர்களுக்கு நேரம் கிடைக்கவில்லை. அரை மணி நேரம்... ஆறு முழுக்க நெருப்பும் தலையும்.

யுங் மாமாவின் படகு கரையோர நாணலில் நின்றது. உள்ளே மாமி பிரசவ வலியில் கத்திக்கொண்டிருந்தாள். ஹெங் நீந்தி வந்து படகு விளிம்பைப் பிடித்துக்கொண்டான். முகத்தில் பாதி வெந்திருந்தது.

"யுங் அண்ணே, நான்தான். கொஞ்சம் ஏத்திவிடுங்க."

படகுக்காரர்களுக்கு ஒரு நம்பிக்கை உண்டு. உங்களுக்குத் தெரியும். ஆறு எடுத்துக்கொண்ட ஆளை அதன் கையிலிருந்து பிடுங்கினால், பிடுங்கினவன் வீட்டிலிருந்து பதிலுக்கு ஒன்றை எடுத்துக்கொள்ளும். செத்துப் போனவனைத் தூக்கலாம். தூக்கித்தான் ஆக வேண்டும், அது புண்ணியம். தண்ணீரில் உயிரோடு தத்தளிக்கிறவனைத் தொடக்கூடாது. யுங் மாமா உள்ளே பார்த்தார். வெளியே பார்த்தார்.

"நான் அடிக்கலை" என்றார். "துடுப்பால தள்ளக்கூட இல்லை. விரலை ஒவ்வொண்ணா எடுத்துவிட்டேன். நாலு விரல். கட்டைவிரல் அதுவா விட்டுடுச்சு. அப்பத்தான் உள்ளே பிள்ளை அழுதான்."

மறுநாள் எல்லாப் படகுக்காரர்களோடும் அவரும் பிணம் எடுக்கப் போனார். தம்பி, ஏறி வா, கரைக்குக் கொண்டுபோறேன் என்று முறைப்படி சொல்லி ஏற்றினார். பத்துப் பன்னிரண்டு பேரை. அதில் ஹெங்கும் ஒருத்தன். ஊரே அவரை நல்ல மனுஷன் என்று சொன்னது. இன்னும் சொல்லிக்கொண்டிருந்தது.

சொல்லி முடித்துவிட்டு என்னை நிமிர்ந்து பார்த்தார். "நீ அன்னைக்கு எங்கடா இருந்தே?"

"மலை மேல" என்றேன்.

நாங்கள் பட்டறை ஆட்கள் அத்தனை பேரும் மலை மேலே ஓடிப்போய் நின்று பார்த்தோம். தலைகள் ஒவ்வொன்றாக முழுகுவது அங்கிருந்து நன்றாகவே தெரிந்தது. ஒருத்தனும் கீழே இறங்கவில்லை. அதைப் பற்றி மேலே கேட்காதீர்கள்.

பையன் இன்னும் இழுத்துக்கொண்டுதான் இருந்தான். என் குதிகால் பலகையில் சறுக்கிக்கொண்டே போனது. இன்னும் இரண்டு சாண்தான் விளிம்புக்கு.

மாமி அழவில்லை. "யாருக்காகய்யா அப்படிச் செஞ்சே?" என்று கேட்டாள்.

"பிள்ளைக்காகத்தான்."

"பிள்ளை மேல போடாதே. அவன் அப்ப பொறக்கவே இல்லை." பையனைப் பார்த்தாள். "கூப்பிடறான் இல்லே? போய் ஏத்திவிடு."

"ஏத்தினா இவனை எடுத்துக்கும், லியென்."

"இப்ப மட்டும் விட்டு வச்சிருக்கா? போய்யா."

யுங் மாமா தவழ்ந்துகொண்டு விளிம்புக்குப் போனார். கையை இருட்டுக்குள் நீட்டினார். "ஹெங்கு... ஏறி வாடா" என்றார். பிணத்துக்குச் சொல்கிற மாதிரி இல்லை. மாடியிலிருந்து தம்பியைக் கூப்பிடுகிற மாதிரி.

முதலில் ஒன்றும் நடக்கவில்லை. பிறகு அவர் கை விறைத்துக் கீழே போனது. தோள்பட்டையில் மளுக்கென்று சத்தம் கேட்டது. படகு அந்தப் பக்கம் சாய்ந்தது. கஞ்சிச் சட்டி உருண்டு வந்து என் காலில் இடித்து நின்றது. பூசிங் கண்ணை மூடிக்கொண்டு என்னவோ முணுமுணுத்தான். யுங் மாமா இரண்டு கையாலும் இழுத்தார்... இழுத்தார்... மல்லாக்க விழுந்தார்.

நான் பார்த்துக்கொண்டுதான் இருந்தேன். ஒன்றும் தெரியவில்லை. ஆனால் பலகையில் சொத்துச் சொத்தென்று தண்ணீர் சொட்டியது. அந்தச் சொட்டு எங்களைத் தாண்டி உள்ளே போனது.

பையன் என் கையில் துவண்டான். தூக்கிக்கொண்டு போய்ப் பாயில் போட்டேன். மூச்சு ஒழுங்காக வந்தது. தூக்கத்திலேயே புரண்டு பாயின் ஓரத்துக்குத் தள்ளிப் படுத்தான். நடுவில் ஒரு ஆள் படுக்கிற இடம் இருந்தது. மாமி அந்த இடத்தைப் பார்த்தாள். படுக்கப் போகவில்லை. விடிகிறவரை நாங்கள் நாலு பேரும் நின்றுகொண்டே இருந்தோம்.

காலையில் பையன் எழுந்து பசிக்கிறது என்றான். ஒன்றும் ஞாபகமில்லை. யுங் மாமா அவன் இடுப்புக் கயிற்றை அவிழ்த்து ஆற்றில் எறிந்தார். தோள் வீங்கிக் கை தூக்க முடியவில்லை. ஆனால் மூஞ்சி தெளிந்திருந்தது.

"மன்னிச்சுட்டான்டா. இனிமே பிள்ளைக்குப் பயம் இல்லை" என்றார்.

மாமி சோறு ஆக்கக் கரைக்குப் போகலாம் என்றாள். நான் முதலில் இறங்கினேன். சின்னப் படகு, ஆள் இறங்கினால் தண்ணீரிலிருந்து இரண்டு விரல் எழும்பும். எழும்பியது. பூசிங் இறங்கினான். எழும்பியது. மாமி, பையன், கடைசியில் யுங் மாமா. ஐந்து பேரும் கரையில் நின்றோம். படகு மட்டும் இன்னும் ஒரு ஆளை ஏற்றியிருக்கிற மாதிரி இரண்டு விரல் தாழ்ந்தே நின்றது. படகில் சட்டிபானையைத் தவிர ஒன்றும் இல்லை. அடியில் தண்ணீர் இருக்கும் என்று பூசிங் பலகையைத் தூக்கிப் பார்த்தான். உலர்ந்து கிடந்தது.

படகு ஒரு பக்கமாகச் சாய்ந்தே நின்றது. பாய் விரித்திருந்த பக்கம்.

"மாமா, மன்னிச்சவன் எதுக்கு இன்னும் இறங்காம இருக்கான்?" என்று கேட்டேன்.

 அவர் பையனின் தலையைத் தடவிக்கொண்டிருந்தார். பழைய மரம், ஒரு பக்கம் தண்ணீர் குடித்திருக்கும் என்றான் பூசிங். இருக்கலாம். நானும் மரம் இரும்பு எல்லாம் பார்த்தவன். அவன் சொன்னதையும் நான் நம்பவில்லை, அவர் சொன்னதையும் நம்பவில்லை. பட்டறைச் சங்கு ஊதுவதற்கு நேரம் ஆகிவிட்டது என்று சொல்லிவிட்டு அந்தப் பாதையிலேயே நடந்தேன். பின்னால் பையன் அம்மாவிடம் கேட்டுக்கொண்டிருந்தான், "சோறு அஞ்சு பேருக்கா ஆறு பேருக்கா?" என்று. நான் திரும்பிப் பார்க்கவில்லை.